குறைத்த நிறை திரும்பி வராதிருக்க...

"வயது போனால் உடம்பு வைக்கும்தானே" என்ற பேச்சை எமது வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். ஐம்பதைத் தாண்டிய பெண் ஒருவர் நாலு படி ஏறி மூச்சு வாங்கினாலும், நிலத்தில் இருந்து எழும்பக் கைபிடி தேடினாலும், அதை வயதின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். இன்னொரு பக்கத்தில் "முப்பது நாளில் பத்துக் கிலோ" என்ற விளம்பரங்கள் கைத்தொலைபேசி வரை வந்து நிற்கின்றன. ஒன்று எதுவும் செய்ய முடியாது என்கிறது. மற்றது எல்லாம் உடனே முடியும் என்கிறது. இரண்டுமே உண்மையல்ல.

வலிகாமத்துக் கிராமங்கள் சிலவற்றில் முதியோர் சங்கங்களோடும் மாதர் சங்கங்களோடும் பல வருடங்களாக வேலை செய்து வருகிறேன். உதவிப்பணப் படிவம், அடையாள அட்டை, கண் பரிசோதனை என்று எந்த அலுவலுக்காக ஒரு வீட்டுக்குப் போனாலும் பேச்சு கடைசியில் முழங்காலிலோ, சீனி வருத்தத்திலோ, பிரஷர் குளிசையிலோதான் வந்து நிற்கும். "நிறையைக் குறைக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர்" என்பார்கள். எப்படி என்று கேட்டால், "இரவுச் சாப்பாட்டை விட்டிருக்கிறன்" என்று பதில் வரும். ஆறு மாதம் கழித்துப் போனால் அதே நிறை, அல்லது அதைவிட இரண்டு கிலோ கூட.

நான் வைத்தியர் அல்ல. ஆனால் நிறை கூடுவதும் குறைவதும் உடம்புக்குள் மட்டும் நடக்கும் சங்கதியல்ல. அது அடுப்படியிலும், உறவிலும், ஊர் வாயிலும், கையில் இருக்கும் காசிலும் நடப்பது. அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு சமூக சேவையாளர் சில வார்த்தைகள் சொல்லலாம் என்றே இதை எழுதுகிறேன்.

பெண்களுக்கு ஏன் கூடுதலாக?

2015இல் இலங்கையில் நடத்தப்பட்ட தொற்றா நோய்கள் பற்றிய தேசிய ஆய்வு, நாட்டின் வளர்ந்த பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டியவர்கள் அளவுக்கு மிஞ்சிய நிறையோடு இருப்பதைக் காட்டியது. ஆண்களில் இது நான்கில் ஒரு பங்குக்குக் கிட்டவே. பெண் ஆணைவிடக் கூடுதலாகச் சாப்பிடுகிறாள் என்று யாராவது சொன்னால் எமது அம்மாமார் சிரிப்பார்கள். அப்படியென்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

ஒரு தலைமுறைக்கு முந்திய நாளை எண்ணிப் பாருங்கள். கிணற்றில் துலாவால் அள்ளிய தண்ணீர், உரலில் இடித்த மா, அம்மியில் அரைத்த கூட்டு, ஆட்டுக்கல்லில் ஆட்டிய உழுந்து, தோட்டத்துக்கும் சந்தைக்கும் நடை. இன்று தண்ணீருக்கு மோட்டார், மாவுக்கு மில், கூட்டுக்கு மிக்சி, சந்தைக்கு மகனின் மோட்டார் சைக்கிள் அல்லது ஓட்டோ. இவை பெண்ணின் முதுகை முறித்த வேலைகள். அவை போனது நல்லதே. திரும்பி வரவேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் அந்த வேலைக்கு ஈடாகச் சாப்பிட்ட சோற்றின் அளவு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அடுத்தது மிச்சச் சாப்பாடு. எல்லோருக்கும் போட்டு, பேரப்பிள்ளை விட்டதை எடுத்து, சட்டியில் ஒட்டியிருந்ததையும் வழித்துத் தன் கோப்பையில் போட்டுக்கொள்பவள் தாய்தான். "எறிய மனம் வருகுதில்லை, பிள்ளை" என்று ஒரு அம்மா சொன்னார். இடம்பெயர்ந்து ஒரு நேரக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களின் தலைமுறை அது. அந்த மனதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் பசி இல்லாத வயிற்றுக்குள் போடுவதும் ஒரு வகையில் எறிவதுதான் என்பதை மெதுவாகச் சொல்லலாம். அளந்து சமைத்தால் எறியவும் வேண்டாம், வழிக்கவும் வேண்டாம்.

மூன்றாவது, காசு. நிறை கூடியவர் என்றால் வசதி படைத்தவர் என்ற எண்ணம் இன்னும் எம்மிடம் உண்டு. நான் காண்பது வேறு. காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் ஒரு குழம்போடு மலை போலச் சோறு, இரவு மீண்டும் பாண் அல்லது புட்டு, இடையிடையே சீனி போட்ட தேத்தண்ணியும் பிஸ்கட்டும். வயிற்றை நிரப்பும் மலிவான சாப்பாடு இது. 2022இன் பொருளாதார நெருக்கடியில், அந்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியபோது, பல வீடுகளில் முதலில் நின்றது முட்டையும் மீனும்தான். இப்படி உடம்பு பருத்தும் இருக்கும், உள்ளே புரதமும் இரும்புச்சத்தும் இல்லாமலும் இருக்கும். பருமனும் போசாக்கின்மையும் ஒரே உடம்பில் சேர்ந்தே இருக்கலாம்.

மாதவிடாய் நின்றபின் உடம்பில் நடப்பது

"மாதவிடாய் நின்ற பிறகு உடம்பு ஊதிப்போச்சு" என்பதும் அடிக்கடி கேட்பது. இதில் பாதி உண்மை உண்டு. அந்தக் காலத்தில் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் குறைவதால் இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்குகிறது. வயிற்றுக் கொழுப்புத்தான் சலரோகத்துக்கும் இருதய நோய்க்கும் கிட்டிய உறவு.

ஆனால் உடம்பு சக்தியைச் செலவிடும் வேகம் நடுவயதில் சடுதியாக விழுந்துவிடுகிறது என்பது சரியல்ல. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கு மேற்பட்டவர்களின் அளவீடுகளைச் சேர்த்து 2021இல் வெளியான ஆய்வு, அந்த வேகம் 20 வயது முதல் 60 வயது வரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதாகவும், அதன் பின்னரே வருடத்துக்கு ஒரு வீதத்திலும் குறைவாக இறங்குவதாகவும் கண்டது. ஆகவே ஐம்பதில் கூடும் நிறைக்கு எமது அசைவு குறைந்ததும், தசை கரைந்ததும், கோப்பையின் அளவு மாறாததும் பெரிய காரணங்கள். காரணம் எம் கைக்குள் இருந்தால் மாற்றும் வழியும் ஓரளவு எம் கைக்குள் உண்டு.

எமக்குக் கூடுதலா குறைவா என்று அறிவது எப்படி? கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தரம் பிரித்தால் வருவது உடற்றிணிவுச் சுட்டி. ஆசிய மக்களுக்கு இது 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூறியது. கணக்குக் கடினம் என்றால் தையல் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல் அளக்கவேண்டும். பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றருக்கு, அதாவது ஏறக்குறைய 31½ அங்குலத்துக்கு மேல் போனால் வைத்தியரோடு கதைப்பது நல்லது.

இரண்டு தரம் மெலிந்த ஒரு தாய்

நான் அறிந்த ஒரு தாய்க்கு இப்போது 64 வயது. கணவர் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து ஏழு வருடங்கள் ஆகின்றன. அவரைக் கட்டிலில் இருந்து எழுப்பி, கழிவறைக்குக் கூட்டிச் சென்று, குளிப்பாட்டி, மீண்டும் கிடத்துவது எல்லாம் இவர்தான். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். இவரின் உயரம் 152 சென்ரிமீற்றர், நிறை அப்போது 78 கிலோ. இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. "நான் விழுந்தால் ரெண்டு பேரும் விழுந்தமாதிரித்தான், பிள்ளை" என்று அவர் சொன்னதை நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் தரம் மகள் அனுப்பிய பவுடரைக் கரைத்துக் குடித்து, இரவுச் சாப்பாட்டை நிறுத்தி, சோற்றைத் தொடாமல் நான்கு மாதத்தில் 11 கிலோ குறைத்தார். மகள் வட்ஸ்அப்பில் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அயலவர்களோ, "என்ன மெலிஞ்சுபோனாய், உள்ளுக்குள்ள ஏதும் வருத்தமோ?" என்று கேட்டார்கள். எமது ஊரில் பெண் மெலிந்தால் ஒன்றில் நோய், இல்லாவிட்டால் கவலை என்றுதானே பொருள்! தலைச்சுற்று வந்தது. கணவரைத் தூக்கும்போது கை நடுங்கியது. ஒருநாள் குசினிப் படியில் கால் தடுக்கி இருந்துவிட்டார். நல்லகாலம், எலும்பு முறியவில்லை. பவுடர் முடிந்தது, பழைய சாப்பாடு வந்தது. ஒரு வருடம் கழிய நிறை 81 கிலோ.

"எனக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை" என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார். நிறை திரும்பிய பெண்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆனால் இது வாய்க்கட்டுப்பாட்டின் குற்றம் அல்ல.

திரும்பி வருவது ஏன்?

அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் 50 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. அவர்கள் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் இருந்து நிறையைக் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்தும் அவர்களின் இரத்தத்தில் பசியைத் தூண்டும் ஹோர்மோன்கள் கூடியே இருந்தன. "போதும்" என்று சொல்லும் ஹோர்மோன்கள் குறைந்தே இருந்தன. பஞ்சம் வந்துவிட்டது என்று உடம்பு நினைத்து, இழந்ததைத் திருப்பி எடுக்கப் பார்க்கிறது. அது உடம்பின் தற்காப்பு.

அதோடு, நிறை குறைந்த உடம்பு சிறிய உடம்பு. 78 கிலோவைச் சுமந்து நடக்கச் செலவான சக்தி 67 கிலோவுக்குத் தேவையில்லை. எனவே மெலிந்த பிறகு பழைய அளவுக்குத் திரும்பினால் அது பழைய நாளைவிடக் கூடுதலான சாப்பாடாகிவிடும்.

முதிய வயதில் இன்னொன்றும் சேர்கிறது. பட்டினி கிடந்து குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. திரும்பி வரும்போது பெரும்பாலும் வருவது கொழுப்பு. இப்படி இரண்டு, மூன்று தரம் இறங்கி ஏறினால் தராசு அதே எண்ணைக் காட்டும், ஆனால் உடம்பில் தசை குறைந்து கொழுப்பு கூடியிருக்கும். அறுபதுக்குப் பிறகு போன தசையைத் திருப்பி எடுப்பது சுலபமல்ல.

விரதத்தால் மெலியலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதுவே பதில். விரதம் பக்திக்குரியது. அதற்கு அதன் மதிப்பு உண்டு. ஆனால் ஆறு நாள் இருந்து ஏழாம் நாள் பாறணையில் வட்டியோடு சாப்பிட்டால் நிறையில் மாற்றம் வராது. சலரோகக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் சாப்பாட்டைத் தவறவிட்டால் சீனி ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

இப்போது பேசப்படும் ஊசி மருந்துகள் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். செமாகுளுட்டைட் போன்ற மருந்துகள் பசியைக் குறைத்து நிறையை இறக்குகின்றன. ஆனால் அதை நிறுத்தி ஒரு வருடத்துக்குள் இறங்கிய நிறையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. வைத்தியர் ஒருவரின் கண்காணிப்பில் மட்டுமே எடுக்கவேண்டிய மருந்து அது. வெளிநாட்டில் இருந்து பொதியில் வரும் பரிசாக அது இருக்கக்கூடாது.

மெலிவு அல்ல, கால் பலமே குறிக்கோள்

"இந்த வயசில மெலிஞ்சு நான் ஆருக்குக் காட்டப் போறன்?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அழகுக்காக என்றால் யாருக்கும் காட்டத் தேவையில்லை. ஆனால் துணையில்லாமல் கழிவறைக்குப் போய்வர, கிணற்றடியில் வழுக்காமல் நிற்க, தேர்த்திருவிழாவில் வீதி சுற்ற, பேரப்பிள்ளையைத் தூக்க, கடைசிவரை தன் காலில் நிற்க வேண்டுமே!

முழங்கால் தேய்ந்த முதியவர்களிடம் 2005இல் வெளியான ஓர் ஆய்வு, உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைவதாகக் கணித்தது. ஐந்து கிலோ குறைந்தால் அடிக்கு இருபது கிலோ! அமெரிக்காவில் சலரோகம் வரக்கூடியவர்கள் என்று இனங்காணப்பட்ட 3,234 பேரை வைத்து நடந்து 2002இல் வெளியான ஆய்வும் இதற்குத் துணை. 7 வீத நிறையைக் குறைத்து வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதை இலக்காகக் கொண்ட குழுவினரில் சலரோகம் வருவது 58 வீதம் குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் அது 71 வீதமாக இருந்தது. வயது போனவர்களே கூடுதலான பலன் கண்டார்கள். 70 கிலோ உள்ள ஒருவருக்கு 7 வீதம் என்பது ஐந்து கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. பத்தும் இருபதும் அல்ல.

ஆனால் எப்படிக் குறைப்பது என்பது முக்கியம். 65 வயதைத் தாண்டிய பருமனான 107 பேரை ஒரு வருடம் அவதானித்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், சாப்பாட்டை மட்டும் குறைத்தவர்களின் தசையும் இடுப்பெலும்பின் அடர்த்தியும் குறைந்தன. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடு தேகப்பயிற்சியும் செய்தவர்களுக்கு அந்த இழப்புக் குறைவு. எழும்பி நடக்கும் திறன் அவர்களுக்கே கூடுதலாகத் தேறியது. ஆக, முதிய வயதில் பயிற்சியும் புரதமும் இல்லாமல் நிறையைக் குறைப்பது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது போன்றது.

மாற்றம் சட்டி பானையில் தொடங்கட்டும்

அந்தத் தாய் இரண்டாம் தரம் தொடங்கியபோது பவுடர் இல்லை, பட்டினி இல்லை. தனக்கென்று வேறு சமையலும் இல்லை. வீட்டுச் சமையலையே மாற்றினார். கணவருக்கும் பிரஷர் இருந்ததால் அது இருவருக்கும் பொருந்தியது. ஒரு வருடத்தில் 81 கிலோ 71 ஆனது. அதன்பின் மூன்று வருடங்களாக 71க்கும் 73க்கும் இடையில் நிற்கிறது. அவர் செய்தவற்றையும், அதே கிராமத்தில் மற்றப் பெண்கள் செய்தவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் தேத்தண்ணி. நாளுக்கு நான்கு தரம், தரத்துக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் 40 கிராம் சீனி, 160 கலோரி. ஒரு நாளுக்கு எல்லாமாக 25 கிராமுக்குள் நிற்பது மேலும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு அறிவுரை. ஒரேயடியாக நிறுத்தியவர்கள் பத்து நாளில் பழையபடி போட்டார்கள். வாரத்துக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறைத்தவர்களுக்கு நாக்கு பழகிவிட்டது. சோடா, பழரசப் போத்தல்களில் 2016 முதல் சீனியின் அளவைக் காட்டும் வட்டம் அச்சிடப்படுகிறது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் சிவப்பை அறிவார்.

அடுத்தது கோப்பை. சோற்றை முதலில் குவித்து, கறியை ஓரத்தில் வைப்பது எமது வழக்கம். அதைத் திருப்பிப் போடுங்கள். கோப்பையின் பாதிக்கு முருங்கையிலை வறை, கீரைக்கடையல், பயற்றங்காய், கத்தரிக்காய், பச்சடி என்று மரக்கறி. கால் பங்குக்கு மீன், முட்டை, பருப்பு, பயறு, கடலை, சோயா இவற்றில் ஒன்று. மிகுதிக் காலுக்குச் சோறு அல்லது புட்டு. குத்தரிசி, குரக்கன் என்றால் பசி தாங்கும். முருங்கையும் கீரையும் வேலியிலும் கிணற்றடியிலும் வளர்பவை. காசில்லாத வீட்டுக்கும் இது முடியும்.

புரதத்தைக் காலையிலேயே சேர்ப்பது நல்லது. பாணும் சம்பலும் மட்டும் என்ற இடத்தில் அவித்த பயறோ கடலையோ ஒரு முட்டையோ வந்தால் பதினொரு மணிப் பிஸ்கட்டுக்குத் தேவை இராது. வயது போனவர்களுக்கு நிறையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று 2013இல் நிபுணர் குழுவொன்று பரிந்துரைத்தது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராமும், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராமும் உண்டு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் இதை வைத்தியரைக் கேட்டே கூட்டவேண்டும்.

எண்ணெயைப் போத்தலோடு ஊற்றாமல் கரண்டியால் ஊற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி உண்டு. பொரியலை வாரத்தில் ஒரு நாளுக்கு வைத்துக்கொண்டு மற்ற நாட்களில் வறையும் அவியலும் செய்யலாம். இரவு ஒன்பதரைக்கு நாடகம் முடிந்து சாப்பிடுவதை ஏழு மணிக்குக் கொண்டுவந்தவர்கள் பலரும் நித்திரையும் நன்றாக வருவதாகச் சொன்னார்கள்.

பயிற்சிக்குக் காசு தேவையில்லை. கைபிடி இல்லாத கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழும்பி இருப்பது, பத்துத் தரம். சுவரில் இரு கைகளையும் ஊன்றி முன்னே சாய்ந்து பின்னே தள்ளுவது. தண்ணீர் நிரப்பிய ஒரு லீற்றர்ப் போத்தல்களைக் கையில் பிடித்து உயர்த்துவது. மேசையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது, பிறகு மெல்லப் பிடியை விடுவது. வாரத்தில் மூன்று நாள் போதும். நடையையும் முப்பது நிமிடம் ஒரேயடியாக நடக்கத் தேவையில்லை. காலையில் பத்து, மாலையில் இருபது என்று பிரிக்கலாம். முழங்கால் நோவுள்ளவர்கள் மெதுவாகத் தொடங்குவது நல்லது.

புதன்கிழமைக் கூட்டம்

குறைத்ததை வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அறிய அமெரிக்காவில் 1994இல் ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. 13 கிலோவுக்கு மேல் குறைத்து, ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருப்பவர்களே அதில் சேரலாம். அவர்களில் பெரும்பாலானோர் காலைச் சாப்பாட்டைத் தவறவிடுவதில்லை, வாரத்துக்கு ஒரு தரமாவது நிறை பார்க்கிறார்கள், நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரம் உடம்பை அசைக்கிறார்கள். இவர்கள் வென்றவர்கள் மட்டுமே என்பதால் இதை எல்லோருக்குமான சட்டமாகக் கொள்ள முடியாது. ஆனாலும் நான் கிராமத்தில் கண்டதோடு இது ஒத்துப்போகிறது.

ஒன்பது பெண்கள் புதன்கிழமைகளில் பின்னேரம் நாலரை மணிக்குச் சனசமூக நிலைய விறாந்தையில் கூடினார்கள். ஒரு தராசு, ஒரு தையல் நாடா, ஒரு கொப்பி. தனியே நடந்தால் மதகில் இருக்கும் பெடியளும் தெருநாயும் தொல்லை. சேர்ந்து நடந்தபோது இரண்டும் ஒதுங்கின. கோயில் வெளிவீதியில் நாலு சுற்று நடந்து, விறாந்தைக்கு வந்து கதிரைப் பயிற்சி செய்து, வெறுந்தேத்தண்ணி குடித்துப் பிரிவார்கள். அந்த ஒரு மணிநேரம் வீட்டாருக்கு வேலை செய்யாத மணிநேரம். சிலருக்குக் கலியாணம் முடித்து நாற்பது வருடத்தில் கிடைத்த முதல் ஓய்வு அதுதான்.

அவர்களாகவே வைத்துக்கொண்ட விதி ஒன்று எனக்குப் பிடித்தது. குறைத்து முடிந்த நிறையைக் கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதுவார்கள். அதற்கு மேல் இரண்டு கிலோ ஏறினால் அது மணி அடித்த கணக்கு. கலியாண வீடோ, அந்தியேட்டியோ, தைப்பொங்கலோ என்னவென்று எல்லோருமாகக் கதைத்து, அடுத்த இரண்டு வாரம் சீனியையும் சோற்றையும் மீண்டும் அளப்பார்கள். இரண்டு கிலோவில் திரும்புவது சுலபம். பத்தில் திரும்புவது கடினம். விழாச் சாப்பாட்டை ஒருவரும் விடுவதில்லை. மோதகத்தைச் சாப்பிடுவார்கள். மறுநாள் வீட்டுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவதை மட்டும் விட்டார்கள்.

எல்லோரும் வென்றார்கள் என்று எழுதினால் அது கதையாகிவிடும். இருவர் பழைய நிறைக்குப் போய்விட்டார்கள். ஒருவருக்கு மருமகளின் பிரசவம், மற்றவருக்கு மகனின் மரணம். துக்கத்தில் இருப்பவரிடம் தராசைப் பற்றிக் கதைப்பதில்லை என்று மற்றவர்கள் தீர்மானித்தார்கள். ஆனால் நடைக்கு மட்டும் தினமும் போய்க் கூப்பிட்டார்கள். அவரும் வருகிறார்.

கவனிக்க வேண்டியவை

அந்த ஒன்பது பேரில் ஒருவர் எதையும் மாற்றாமலே மெலிந்தார். மற்றவர்கள் பாராட்ட, நாங்கள் அவரைக் கிளினிக்கிற்கு அனுப்பினோம். சலரோகம் கட்டுப்பாடில்லாமல் கூடியிருந்தது. முயற்சியில்லாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் நிறையில் 5 வீதம் குறைந்தால் அது நல்ல செய்தியல்ல. சலரோகம், தைரொயிட், காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு என்று காரணம் பலவாக இருக்கலாம். மாறாக, தைரொயிட் சுரப்புக் குறைவதாலும் சில மருந்துகளாலும் நிறை கூடுவதும் உண்டு.

65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சற்றுக் கூடிய நிறை அத்தனை கேடில்லை, மெலிந்து போவதே கூடிய ஆபத்து என்பதையும் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே இயல்பான நிறையோடு இருக்கும் முதியவர் மெலியத் தேவையே இல்லை. அவருக்குப் பயிற்சியும் புரதமும் போதும். சலரோக, பிரஷர்க் குளிசை எடுப்பவர்கள் நிறை குறையத் தொடங்கியதும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். மருந்தின் அளவை மாற்றவேண்டி வரலாம்.

இதற்கெல்லாம் பெரும் செலவு செய்யத் தேவையில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. அரச வைத்தியசாலைகளில் 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் தொடங்கப்பட்டன. நிறை, உயரம், இரத்த அழுத்தம், இரத்தச் சீனி ஆகியவற்றை இவற்றில் இலவசமாகப் பார்க்கலாம். எந்த நாள் என்பதை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் சொல்வார்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் நான் சொல்வது இதுதான். "அம்மா சாப்பாட்டைக் குறையுங்கோ" என்று தொலைபேசியில் சொல்வது சுலபம். அதைவிட, ஊருக்கு வரும்போது சொக்கிலேற்றுக்கும் பவுடருக்கும் பதிலாக நல்ல பிடிப்புள்ள ஒரு சோடிச் சப்பாத்தைக் கொண்டு வாருங்கள். புதன்கிழமை பின்னேரம் அப்பாவையோ பேரப்பிள்ளையையோ பார்க்க யாரையாவது ஒழுங்கு செய்யுங்கள். அம்மாவுக்கு என்று தனியே அவித்துக் கொடுக்காமல் வீடு முழுவதும் அதே கறியைச் சாப்பிடுங்கள். இன்று அவருக்கு நல்ல சாப்பாடு நாளை உங்களுக்கும் நல்லதுதான். சமையலில் ஒரு நேரத்தை ஆண்பிள்ளைகளும் ஏற்றுக்கொண்டால் கடைசியாகச் சாப்பிடும் வழக்கமும் தானாகவே மாறும்.

சகோதரிகளே, நிறை திரும்பி வந்தது என்பதற்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். குறைப்பது சில மாத வேலை. வைத்திருப்பது மீதிக் காலத்து வேலை. முதலாவதைத் தனியே செய்துவிடலாம். இரண்டாவதற்கு ஆள் துணை வேண்டும், அடுப்படி மாறவேண்டும், வாரத்தில் ஒரு மணிநேரமாவது உங்களுக்கென்று இருக்கவேண்டும். அயலில் நாலு பேர் சேர்ந்தால் போதும். ஒரு தையல் நாடாவும் ஒரு கொப்பியும் எந்த வீட்டிலும் இருக்கும். வருகிற புதன்கிழமையே தொடங்கிப் பாருங்களேன்!